ஒப்புதல் படிவத்தில் ஒரு திருத்தம்

“அப்பான்னு இருக்கறத கோடு போட்டு அழிச்சுட்டா இன்னா?” என்றாள் தாய்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கை. பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் மகள். அவள் மடியில் சேலத்துப் பாட்டுப் போட்டிக்கான ஒப்புதல் படிவம்.

“இன்னிக்குக் குடுக்கலன்னா எங்க நாலு பேர் குழுவையே போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்கம்மா. அப்பா கையெழுத்து போடமாட்டேன்னுட்டாரு. பொட்டப்புள்ளைங்க மைக்க புடிச்சி ஆடினா ஊரு சிரிக்குமாம்.”

“சிரிக்கட்டும். உங்க பாட்டே அதானடி? ‘நாங்க சத்தமாத்தான் சிரிப்போம்’னு கத்திக்கினே இருக்கிறீங்க, வூட்ல காது கிழியுது.”

“நீ போட்டா செல்லுமா?”

“ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி யாரு? நானு. பொம்பளைங்களுக்கு மாசம் ஆயிரம் ரூவா வரும்னு உங்கப்பாதான் தாலுக்கா ஆபீசுல நின்னு மாத்திக்கினு வந்தாரு. பேனாவக் குடு.”

‘தந்தை’யை அடித்துத் ‘தாய்’ என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இல்லை. அலுவலக எழுத்தராக இத்தகைய படிவங்களை முப்பது ஆண்டுகள் திருப்பி அனுப்பியவன் நான். வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதாக இல்லை.

மகள் உற்றுப் பார்த்தாள். “கோடு போட்ட எடத்துலயும் சின்னதா ஒரு கையெழுத்து போடும்மா. இல்லன்னா திருப்பிடுவாங்க.”

போட்டாள். எனக்கு மூச்சு வந்தது. மகள் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியைத் தாய் எடுத்தாள், இன்னும் சத்தமாக.