வெள்ளிக்கிழமைப் பிளொப்பி

ஸுல்பிகா அக்காவைப் பேர் வெட்டினவ எண்டு எழுதி வேலையால நிப்பாட்டியிருக்கிறீங்கள், சேர். ஈச்சிலம்பற்றில நாப்பத்தொரு குடும்பத்தின்ர பேர் நிவாரண லிஸ்ற்றில இல்லாமப் போச்சு. லிஸ்ற் ரைப் பண்ணினவ கிண்ணியா முஸ்லிம். பேர் போனது தமிழ்ச் சனத்துக்கு. அப்ப அவதான் வெட்டினவ. ரெண்டு பக்கத்துக்கு நீட்டியிருக்கிறீங்கள், ஆனா உங்கட கடிதத்தைப் பிழிஞ்சா இவ்வளவுதான் வரும். கீழ ஒப்பம், சிவகுருநாதன், தலைமைக் கந்தோர், கொழும்பு.

இல்லை சேர், நான் கத்தேல்லை. என்ர குரல் இப்பிடித்தான். கம்பஸ் விவாதத்தில எனக்கு மைக் தாறதில்லை.

இராசமலர். ஓம், கம்பஸில கொம்பியூட்டர் படிக்கிறன். லீவு நாளையில இஞ்ச வந்து உதவி செய்யிறனான். எனக்குப் பத்து நிமிசம் போதும். தவராசா அண்ணை வெளியில நிக்கட்டும். மனேஜர் எண்டாப்போல? அவர் உள்ளுக்கு நிண்டா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டுவார், எனக்குக் கதை குழம்பும்.

நீங்கள் கொழும்பில இருந்து ஒரு நிபுணரை அனுப்பினீங்கள், ஞாபகமோ? மூண்டு நாள் நிண்டவர். முதல் நாள் எங்கட கந்தோர் இருக்கிற இந்த ஓர்ஸ் ஹில்லில இவ்வளவு வெக்கையா எண்டு கேட்டவர். ரெண்டாம் நாள் கொம்பியூட்டரைக் கழட்டித் தூசி ஊதினவர். மூண்டாம் நாள் இறால் எங்க நல்லா வாங்கலாம் எண்டு விசாரிச்சவர். பிறகு ஒரு அறிக்கை. யந்திரத்தில பிழை இல்லை, பாவிக்கிற ஆளில பிழை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வந்து பக்கத்தில நிண்டு திரையை வாசிச்சிருந்தா விசயம் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். ஆனா வெள்ளிக்கிழமை அவர் இறாலோட கொழும்புக்குப் போட்டார்.

சரி, வேலை எப்பிடி நடக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரியாது. ஒப்பம் வைக்கிறதுக்கு அது தேவையில்லைத்தானே. கேளுங்கோ.

ஈச்சிலம்பற்றில எங்கட கிளையில பாக்கியரத்தினம் எண்டு ஒருத்தர் இருக்கிறார். அவரிட்ட ஒரு பழைய கொம்பியூட்டர். அங்கத்தை லிஸ்ற் இஞ்சயும் இருக்கு, அவரிட்டயும் இருக்கு. ஒவ்வொரு வியாழனும் ஸுல்பிகா அக்கா இஞ்ச இருக்கிற லிஸ்ற்றைத் திறந்து அட்டை நம்பர் எல்லாம் போட்டுச் சேவ் பண்ணுவா. உடன றேடியோ செற்றில பாக்கியரத்தினத்தைக் கூப்பிட்டு, ஓவர் ஓவர் எண்டு, திருத்தங்களை வாசிப்பா. அவர் அதைத் தன்ர லிஸ்ற்றில போட்டு, புதுசா வந்த குடும்பங்களையும் சேர்த்து, பிளொப்பியில ஏத்துவார். வெள்ளி காலமை மூதூரில இருந்து கடலால வாற லோஞ்சில பிளொப்பி வரும். இல்லை சேர், பென்ட்ரைவ் ஏலாது. ஆமிச் சென்றியில இது என்ன சாமான் எண்டு வாங்கி வைச்சா, பிறகு அதோட சேர்த்து ஆளையும் வைப்பாங்கள். பிளொப்பி எண்டா பழகிப் போச்சு.

பிளொப்பி வந்தோடன அதில இருக்கிற லிஸ்ற் இஞ்ச இருக்கிற லிஸ்ற்றுக்கு மேல ஏறவேணும். அவரின்ரதுதானே கடைசி. அதைச் செய்யத்தான் இந்த பட்ச் பைல். பயப்பிடாதேங்கோ, சின்னச் சாமான். செய்யவேண்டியதை வரி வரியா எழுதி வைக்கிறது. ரெண்டு தரம் கிளிக் பண்ண, கொம்பியூட்டர் மேல இருந்து கீழ ஒவ்வொண்டாச் செய்யும். எழுதினதைச் செய்யும், யோசிக்காது. அப்பிடி ஆக்களோட வேலை செய்து உங்களுக்குப் பழக்கம்தானே, கெதியா விளங்கும்.

இந்தப் பைலில மூண்டே மூண்டு வேலை. ஒண்டு, பிளொப்பியில இருக்கிறது இஞ்ச இருக்கிறதை விடப் புதுசெண்டா மட்டும் ஏத்து. ரெண்டு, எத்தினை ஏத்தினது எண்டு திரையில காட்டிப்போட்டு, கீபோட்டில ஒரு கட்டையை அமத்தும் வரைக்கும் நில். மூண்டு, பிளொப்பியை அழி. ஏனெண்டா அடுத்த லோஞ்சில அதே பிளொப்பி திரும்பப் போகவேணும். இந்தக் கந்தோரில மொத்தம் நாலு பிளொப்பி.

இப்ப பாருங்கோ நடந்ததை. மாசி மாசம் ஒரு கிழமை ஈச்சிலம்பற்றின்ர புதுப் பேர் வருது, அடுத்த கிழமை வரேல்லை. பாக்கியரத்தினம் அனுப்பினனான் எண்டு சத்தியம் பண்ணுறார். பிளொப்பியைப் பாத்தா வெறும் பிளொப்பி. பங்குனியில நிவாரணம் குடுத்த அண்டைக்கு நாப்பத்தொரு குடும்பம் வரிசையில நிண்டு வெறுங்கையோட திரும்பினது. அதில ஒரு அம்மா, கனகம்மா எண்டு பேர், சுனாமியில வீடு போய், கொட்டில் போட்டு, அதுக்குத் தகரம் தருவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ. இண்டைக்கும் ஓலைக்குக் கீழதான். அந்தச் சனம் கோவிச்சதில நான் பிழை சொல்லமாட்டன். அவையளுக்கு ஒரு காரணம் சொல்லவேணும். தவராசா அண்ணை சொன்ன காரணம், ஸுல்பிகா.

ஓம், அவர் ஆதாரம் வைச்சிருக்கிறார், எனக்குத் தெரியும். ரெண்டு ஆதாரம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஸுல்பிகா அக்கா லீவில நிண்ட கிழமை எல்லாப் பேரும் ஒழுங்கா வந்தது. அது ஒண்டு. அவவை நிப்பாட்டி, சித்திரை வருசப்பிறப்பு முடிஞ்ச பிறகு லோஞ்ச் ஓடின வெள்ளியெல்லாம் ஒரு பேர் பிசகாமல் வருது. அது ரெண்டு. ஆள் இருந்தா பிழை, ஆள் போனாப் பிழையில்லை. இதை அவர் ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்லுறார், ஏதோ தான் புதுசா ஒரு கிரகம் கண்டுபிடிச்ச மாதிரி. ஒருத்தன் குடையை மடக்கினோடன மழை விட்டிட்டுது, அதால மழை பெய்ததே அவனாலதான். அப்பிடி ஒரு மூளை. அதுக்குக் கீழ நீங்கள் ஒப்பம் வைச்சிருக்கிறீங்கள்.

சித்திரையில வேற என்ன நடந்தது, சேர்? யோசியுங்கோ.

குண்டு வெடிச்சது, கடை எரிஞ்சது, அது சரி. அந்தக் கிழமைதான். ஆனா நான் கேட்டது அதில்லை. உங்கட கைமணிக்கூட்டைப் பாருங்கோ. வருசப்பிறப்போட அரை மணித்தியாலம் பின்னுக்கு வைச்சனீங்கள்தானே? நாடு முழுக்க வைச்சது. பத்து வருசத்துக்கு முன்னம் முன்னுக்குத் தள்ளின அரை மணித்தியாலத்தை அரசாங்கம் திருப்பிக் குடுத்திட்டுது. ஆனா ஈச்சிலம்பற்றில ஆரும் மணிக்கூட்டில கை வைக்கேல்லை. ஏனெண்டா அது இயக்கத்தின்ர பகுதி, பத்து வருசமாப் பழைய நேரம்தான். சித்திரை வரைக்கும் இஞ்ச நாலு மணி எண்டா அங்க மூண்டரை. கொழும்பில இருக்கிற உங்களுக்கு இது பேப்பரில வாற செய்தி. இஞ்ச லோஞ்சுக்குப் போற சனம் எந்த நேரத்துக்கு நாலு மணி எண்டு கேட்டுத்தான் வீட்டால வெளிக்கிட்டது.

பாக்கியரத்தினத்தின்ர கொம்பியூட்டரிலயும் பழைய நேரம். இருக்கிற ஊரின்ர நேரத்தைத்தானே மனுசன் வைப்பார்.

போன கிழமை அவர் இஞ்ச வந்து தேத்தண்ணி குடிக்கேக்க சுவரைப் பாத்துச் சொன்னார், இப்பதான் உங்கட மணிக்கூடும் எங்கட மணிக்கூடும் ஒண்டாப் போகுது பிள்ளை எண்டு. கையில இருந்த கோப்பையை அப்பிடியே வைச்சிட்டன்.

விளங்கேல்லையோ? காட்டுறன், கதிரையை இழுங்கோ. இண்டைக்கு வியாழன் எண்டு வைச்சுக்கொள்ளுவம். நான் ஸுல்பிகா. லிஸ்ற்றைத் திறந்து சேவ் பண்ணுறன். கீழ நேரத்தைப் பாருங்கோ, பத்து நாப்பது. இப்ப நான் பாக்கியரத்தினம். இந்தக் கொம்பியூட்டரின்ர மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறன். பத்துப் பத்து. ஈச்சிலம்பற்றுக்கு வந்திட்டம். பிளொப்பியில அதே லிஸ்ற், கடைசியில ஒரு பேர் சேர்க்கிறன். சிவகுருநாதன், அங்கத்தவர் ஒண்டு. ஓம் சேர், உங்கட பேர்தான், சும்மா இருங்கோ. சேவ். மணிக்கூட்டைத் திரும்ப ரவுண் நேரத்துக்கு வைக்கிறன். இப்ப வெள்ளிக்கிழமை. இந்தாங்கோ, நீங்களே ரெண்டு தரம் கிளிக் பண்ணுங்கோ.

என்ன வந்திருக்கு, வாசியுங்கோ. பூச்சியம் பைல். பூச்சியம். உங்கட பேரை எழுதினது ஸுல்பிகா சேவ் பண்ணினதுக்குப் பிறகு. ஆனா அங்கத்தை மணிக்கூடு முன்னம் எண்டு சொல்லுது. அப்ப பைல் நினைக்குது, இது பழசு, ஏத்தத் தேவையில்லை எண்டு. சரி, ஒரு கட்டையை அமத்துங்கோ. எந்தக் கட்டையெண்டாலும். லிஸ்ற்றில உங்கட பேர் இருக்கோ? இல்லை. பிளொப்பியில? அதுவும் வெறும் பிளொப்பி. இப்ப நீங்கள் எங்கயும் இல்லை, சேர். உங்களை வெட்டினது ஆர்? ஸுல்பிகா அக்கா கிண்ணியாவில தன்ர வீட்டில இருக்கிறா.

ஓம், அதுதான், அதேதான். திருத்தம் கூடின கிழமை பாக்கியரத்தினம் முடிக்க ஒரு மணித்தியாலம் போகும், பேர் வந்திடும். திருத்தம் குறைஞ்ச கிழமை இருபது நிமிசத்தில முடிச்சிடுவார், பேர் வராது. நிவாரணத்துக்கு முந்தின கிழமையளும் அப்பிடித்தான். அவை ரெண்டு பேரும் எவ்வளவு கெதியா வேலை செய்தினமோ அவ்வளவுக்குச் சனம் காணாமப் போனது. ஹஜ்ஜுக் கிழமை ஸுல்பிகா அக்கா இல்லை, வியாழன் ஒருத்தரும் இஞ்சத்தை லிஸ்ற்றைத் தொடேல்லை, அதால வந்தது பழசு எண்டு பைல் சொல்லேல்லை. சித்திரைக்குப் பிறகு ரெண்டு இடமும் ஒரே நேரம். தவராசா அண்ணையின்ர ரெண்டு ஆதாரமும் இதுக்குள்ள அடங்கிப் போச்சு. கூப்பிடுங்கோ அவரை, வந்து தலையாட்டட்டும்.

நிவாரணம் கிடைக்காதவையை எப்பிடியும் தேடிக் குடுக்கலாம், பாக்கியரத்தினத்திட்ட பேர் இருக்கு. ஆனா ஸுல்பிகா அக்கா ரெண்டு இடத்தில வேலைக்குக் கேட்டிருக்கிறா. ரெண்டு இடத்திலயும், ஓ, அந்த ஈச்சிலம்பற்று லிஸ்ற்றோ எண்டு கேட்டு அனுப்பிப்போட்டினம். உங்கட கடிதத்தின்ர பிரதி அங்க அவவுக்கு முன்னம் போய் இருக்குது. இண்டைக்கு இந்த ஊரில, தமிழ்ச் சனத்தின்ர பேரை வெட்டின முஸ்லிம் பொம்பிளை எண்ட பேரோட ஒருத்தி ரவுணுக்கு வந்து பஸ்சால இறங்குறது எப்பிடி எண்டு நீங்கள் யோசிச்சிருக்கமாட்டியள். உங்களுக்கு அது ரெண்டு பக்கம், ஒரு ஒப்பம். ஆரார் கையில முதல் கடிதம் இருக்கோ அவ்வளவு பேருக்கும் மறுகடிதம் போகவேணும். பிழை பைலில, பைலை எழுதின ஆளில எண்டு. பேரையும் போடுங்கோ.

என்ன பேரோ?

பைலைத் திறந்து விடுறன், முதல் வரியைப் பாருங்கோ. எழுதின ஆளும் திகதியும் போட்டிருக்கு. ஓம். இராசமலர். போன வருசம் கார்த்திகை. ஒருக்கா ஆரோ பழைய பிளொப்பியை மாறிப் போட்டு லிஸ்ற் குழம்பினது, அதுக்குத்தான் புதுசெண்டா மட்டும் ஏத்து எண்டு போட்டனான். கெட்டித்தனம் எண்டு நினைச்சுத்தான் போட்டனான்.

இல்லை, எனக்கு முன்னமே தெரியாது எண்டு சொல்ல ஏலாது. தையில ஸுல்பிகா அக்கா வந்து சொன்னவ. தங்கச்சி, சில வெள்ளியில கறுப்புத் திரையில பூச்சியம் எண்டு விழுகுது, ஒருக்காப் பாருங்க எண்டு. எனக்குச் சோதினை நேரம். நீங்கள் ரைப் பண்ணுறதை மட்டும் பாருங்கோ, அது உங்களுக்கு விளங்காத சாமான் எண்டு சொன்னனான். அப்பிடியே சொன்னனான். பக்கத்தில ரெண்டு பேர் சிரிச்சவை.

ஏன் அவ அதை விசாரணையில சொல்லேல்லை எண்டு கேக்கிறீங்கள். சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திராது எண்டு. நானும் அதைத்தான் கேட்டனான். நேற்று பாதைப் படகில ஏறிக் கிண்ணியாவுக்குப் போய், எல்லாத்தையும் சொல்லி, கடைசியா வாசலில நிண்டு, ஏனக்கா நீங்கள் எனக்குச் சொன்னதை அங்க வாயே திறக்கேல்லை எண்டு கேட்டன். அவ உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிண்டவ. கையில இருந்ததை உதறிக் கொடியில போட்டா. திரும்பினா. நான் சொல்லியிருந்தா உங்களத்தானே கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க தங்கச்சி, அண்டைக்கு நீங்க என்ன சொல்லியிருப்பீங்க எண்டு கேட்டா.