கடைக்குப் போன கசாயம்

— என்னங்க, செருப்பைக் கழட்டாமயே உள்ள வந்துட்டீங்க... மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

— மணியன் விழுந்துட்டான், ரம்ஜான்.

— எந்த மணியன்? உங்க கடைக்கு எதுத்தாப்புல, குடியேத்த ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாரே... அவரா?

— அவன்தான். அவன் போன திக்லிபூர்ல இருந்து கப்பல் இப்பத்தான் வந்துச்சு. வலது கை, கால் இழுத்துக்கிச்சாம். பேச்சு குழறுதாம்.

— யா அல்லா! போன மாசம்தானே மாத்தலாகிப் போனாரு? கப்பல் ஏறுறப்பகூட, 'பாயம்மா, என் பிரஷர் பில்குல் டீக் ஹை, சுத்தமா சரியாயிடுச்சு'னு சிரிச்சாரே!

— சிரிச்சான்.

— ஆஸ்பத்திரி மாத்திரையை அங்க போய் விட்டுட்டாரா?

— அதை இங்கயே விட்டுட்டான். கசாயம் போதும்னான்.

— எந்தக் கசாயம்?

— உன் கசாயம்தான், பிரஷருக்குன்னு எனக்குத் தெனம் வச்சுத் தர்றியே, அது. அவன் பொண்டாட்டி சரசுக்குச் சொல்லிக் குடுத்தியே.

— ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் கேட்டா, சொன்னேன். பூண்டு, சீரகம், மல்லி, முருங்கைக் கீரை...

— அப்படியே வச்சுக் குடுத்திருக்கா பாவம். இப்ப கப்பல்ல வந்த ஆள்கிட்ட சொல்லி விட்டிருக்கா. பாயம்மா ஒரு சாமானை மறைச்சுட்டாங்களாம். பிரியாணிக்குத்தான் நீங்கள்லாம் அப்படி மறைப்பீங்க. கசாயத்துக்குமா? ...ரம்ஜான்? ஏய், ஏன் தரையில உக்காந்துட்ட?

— கத்தாதீங்க...

— நான் எங்க கத்துனேன்?

— கத்துவீங்க. டாக்டர் சாப் குடுத்த மாத்திரையை ஜன்னல் வழியா எறிஞ்சீங்கல்ல? ஒருதடவை தின்னா ஆயுசுக்கும் திங்கணும்னு...

— அதுக்கு?

— திரும்ப வாங்கினேன். தெனமும் பொடிச்சு...

— பொடிச்சு?

— உங்க கசாயத்துல போட்டேன். பூண்டு வாடையில தெரியாதுன்னு.

— அடிப்பாவி!

— சரசுகிட்ட அதை எப்படிச் சொல்லுவேன்? அவ மணியன்கிட்ட சொல்லுவா. அவரு உங்ககிட்ட சொல்லிச் சிரிப்பாரு. நீங்க கசாயத்தையும் விட்டுருவீங்க. அவருக்குத்தான் சொந்த மாத்திரை இருக்கேன்னு நினைச்சேன். அதை விட்டுட்டது எனக்குத் தெரியாதுங்க... அல்லா அறிய தெரியாது. ...என்னங்க, தலையை ஏன் பிடிச்சுக்கிறீங்க?

— காலையில இருந்து வலி. பின்மண்டையில.

— பிரஷர் பாக்கப் போங்கன்னா, கடையில ஆள் இல்லம்பீங்க. சரி, பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள மாத்திரை போகுது. இன்னைக்குக்கூட பிளாஸ்க்ல ஊத்திக் குடுத்தேன்ல?

— குடுத்த...

— ஆனா ஒண்ணு புரியலைங்க. மாத்திரையை அவரு இங்கயே விட்டுட்டாருங்கறீங்க. சரசுவும் இங்க கசாயம் வைக்கல. அப்புறம் எப்படி அவருக்கு பிரஷர் இறங்குச்சு?

— பக்கத்து வீட்டு ஜீப் இருக்கான்னு பாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

— பேச்சை மாத்தாதீங்க. எப்படி இறங்குச்சு?

— பூண்டு வாடை எனக்குக் குமட்டும்டி. பிளாஸ்க்ல கொண்டு போறதைத் தெனம் மணியன்தான் வாங்கிக் குடிச்சான். அவன் போனதுக்கப்புறம் கடைக்குப் பின்னால ஊத்திடறேன்... நான் இன்னை வரைக்கும் ஒரு மடக்குகூடக் குடிச்சதில்ல.