பெரிய திரை, சின்ன ஜூம்

காட்டுக்குப் போகக் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து எடையை. லென்ஸைப் பார்ப்பவர் பத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். எட்டு வருடம் சஃபாரி வண்டி ஓட்டியதில் எனக்குத் தெரிந்தது இது.

நீங்கள் நேற்று விசாரணையில் கேட்டது நியாயமான கேள்வி, ஐயா. இருபத்திரண்டு வருடம் வழிகாட்டியாக இருந்த ஒருவர், தனியாகத் திரியும் கிழட்டுக் காட்டெருமைக்குப் பதினைந்து தப்படி தூரத்தில், வெறுங்கையோடு எப்படிப் போய் நின்றார்? நான் பேசாமல் இருந்ததால் ‘அஜாக்கிரதை’ என்று எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சொல் தவறு. ஒம்பெனி அண்ணன் அஜாக்கிரதையான ஆள் இல்லை. அதைத் திருத்தத்தான் காகிதம் கேட்டேன்.

உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் பையில் அவருடைய கேமரா இருக்கிறது. சிவப்பு நிறம். அதில் கடைசிப் படத்தைப் பாருங்கள். எருமை படச் சட்டத்தின் நடுவில், சின்னதாக, எங்கோ தொலைவில் நிற்பதுபோல இருக்கும். அந்தப் படம் எடுக்கும்போது அது பதினைந்து தப்படியில் நின்றது. அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் என் மனைவி ஐகா இறந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். காலை பதினொரு மணிக்கு இரத்தப்போக்கு. நான் சுற்றுலா விருந்தினர் கூட்டத்தோடு பள்ளத்தாக்கின் அடியில் இருந்தேன். அங்கே போன் எடுக்காது. பக்கத்து வீட்டம்மா ஒம்பெனி அண்ணனைக் கூப்பிட்டார். அவர் மேலே விளிம்பில், பூங்கா வாயிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கிருந்து கராட்டு ஊரில் என் வீட்டுக்கு இருபது நிமிடம். ஆனால் அவர் நின்றது ஒரு மரத்தடியில். மரத்தில் சிறுத்தை இருந்தது. வண்டியில் இருந்த விருந்தினர்கள் அது இறங்குவதைப் படம்பிடிக்கக் காத்திருந்தார்கள். ஒரு மணி பத்து நிமிடம் கழித்துத்தான் அவர் கிளம்பினார். ஆஸ்பத்திரி போகும் வழியில், அவருடைய வண்டியின் நடு இருக்கையில் ஐகா போய்விட்டாள்.

இது கராட்டுவில் எல்லோருக்கும் தெரியும். அடக்கத்தின்போது ஐகாவின் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார், “எதுக்கு நின்னீங்க?” ஒம்பெனி அண்ணன், “சிறுத்தை இறங்கட்டும்னு நின்னேன்” என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஓட்டுநர்கள் தேநீர்க்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்காருவதில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் தூக்குவாளியில் குழைய வேகவைத்த வாழைக்காயும் இறைச்சியும் கொண்டுவருவார். அவர் மனைவி செய்தது. வைத்துவிட்டு எதிரே உட்காருவார். நான் சாப்பிடுவேன். பேச்சு குறைவு. வாரத்தில் மற்ற ஆறு நாட்களும் விருந்தினர்கள் மிச்சம் வைத்த மதியப் பொட்டலம்தான் எனக்குச் சாப்பாடு. ஒரு அவித்த முட்டை, ஒரு கோழிக்கால், ஒரு வாழைப்பழம். முன்பு அதையே வீட்டுக்குக் கொண்டுபோவேன். முட்டையின் மஞ்சளை ஐகா எடுத்துக்கொள்வாள், வெள்ளை எனக்கு. இப்போது முழு முட்டையும் என்னுடையது. மஞ்சளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

மார்ச் கடைசியில் மழை தொடங்கியது. விருந்தினர் வரத்து நின்றது. ஒரு ஞாயிறு அவர் தூக்குவாளியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, ஒரு பழைய வண்டி வாங்கிட்டேன். தனியா தொழில் பண்ணப் போறேன். துண்டுப் பிரசுரத்துல போடப் படம் வேணும். இருபத்திரண்டு வருஷமா நான் காட்டின சிங்கமெல்லாம் ஜெர்மனியில இருக்கு. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல.”

“கேமரா வாங்குங்க அண்ணே.”

“எனக்கு என்ன தெரியும்? நீ காலேஜ் படிச்சவன். நீ காட்டுறத வாங்குறேன்.”

அவர் அப்படித்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு வண்டியைப் பழக்கியவர். ஆனாலும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். படித்தவன் சொன்னால் கேட்டுக்கொள்வார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரூஷா நகரில் மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனோம். பையில் அடங்குகிற கேமராக்கள் ஒரு வரிசை இருந்தன. அலசி அலசி இரண்டில் வந்து நின்றோம். ஒன்று சாம்பல் நிறம், கொஞ்சம் தடி, பன்னிரண்டு மடங்கு ஜூம், கண்ணை வைத்துப் பார்க்கச் சின்னத் துவாரம். இன்னொன்று இந்தச் சிவப்பு. மெலிசு, பெரிய திரை, துவாரம் கிடையாது. ஜூம் மூன்றே மடங்கு. லென்ஸ் அகலமானது.

கடைக்கார அக்கா அலுத்துக்கொண்டார். “கட்டிக்கப்போற பொண்ணப் பாக்குற மாதிரி பாக்குறீங்களேப்பா. ஒரு மணி நேரமாச்சு.”

“கட்டிக்கிட்ட பொண்ண அஞ்சே நிமிஷம்தான் பாத்தேன் அக்கா. அதான் இத நிதானமா பாக்குறேன்” என்றார் அண்ணன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

அவர் சாம்பல் கேமராவைக் கண்ணில் வைத்துக் கதவுக்கு வெளியே பார்த்தார். “அடேயப்பா. மணிக்கூண்டு முள்ளு மூக்குக்கிட்ட வந்து நிக்குது. தம்பி, இதுதான் சரின்னு தோணுது.”

அதுதான் சரி. படிக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“தூசி அண்ணே” என்றேன். “ஜூம் நீளும்போதெல்லாம் உள்ள தூசி போகும். ரெண்டு சீசன் தாங்காது. இழுத்துப் புடிச்சு எடுத்தா படம் நடுங்கும். மழக்கால வெளிச்சத்துல இருட்டடிக்கும். அப்புறம் அந்த ஓட்டைக்குள்ள உங்க மூக்குக்கண்ணாடியோட எப்படிப் பாப்பீங்க? இதப் பாருங்க, டிவி மாதிரி.”

சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எந்தக் கடைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

“அப்ப தூரத்துல இருக்கிறது?”

“கால் இருக்குல்ல அண்ணே.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் வேடிக்கை என்று நினைத்திருப்பார். “படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். சிவப்பே குடுங்க அக்கா” என்றார்.

அகன்ற லென்ஸ் பக்கத்தில் இருப்பதைத் தள்ளிக் காட்டும். கண்ணுக்கு இருபது தப்படியில் இருப்பது திரையில் ஐம்பதில் இருப்பதுபோலத் தெரியும். விருந்தினர்கள் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வேன்: திரையைப் பார்த்து தூரத்தை முடிவு பண்ணாதீர்கள், தலையைத் தூக்கிக் கண்ணால் பாருங்கள். எட்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை.

பிறகு பழக்கினேன். இரண்டு வாரம், அவர் வீட்டு ஆடுகளை வைத்து. “கொம்புலேருந்து குளம்பு வரைக்கும் சட்டத்த ரொப்பணும் அண்ணே. சின்னதாத் தெரிஞ்சா இன்னும் முன்னால போங்க. திரையிலேருந்து கண்ண எடுக்காதீங்க, எடுத்தா கை ஆடும்.” அவர் மனைவி வாசலிலிருந்து பார்த்துச் சிரிப்பார். “ஆட்டுக்கே கல்யாண ஃபோட்டோவா?” ஆடுகள் சட்டம் நிறைய வந்தன. ஒவ்வொன்றையும் எனக்குத் திரையில் காட்டுவார். நன்றாக இருக்கிறது என்பேன். நன்றாகவும் இருந்தன.

மே மாதம் இரண்டாவது செவ்வாய். காலை ஒன்பது மணி. காபித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடம். பூங்காவுக்கு வெளியே என்பதால் வண்டியைவிட்டு இறங்கத் தடை இல்லை. உப்பு மண்ணை நக்க எருமை வரும். அன்று ஒன்று படுத்திருந்தது. முதுகில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

“நம்ம சபை மூப்பர் மாதிரியே உக்காந்திருக்கான் பாரு” என்று கிசுகிசுத்தார் அண்ணன். “பிரசங்கம் முடியிற வரைக்கும் அசைய மாட்டான்.”

எங்கள் ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்கள் கடற்கரைக்காரர். காட்டில் டயர் வெடித்தால் ஒருவன் இறங்கி மாட்டுவான். இன்னொருவன் வண்டிக் கூரையின் மேல்திறப்பில் தலையை நீட்டி நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, கூரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பான். தட்டல் கேட்கிறவரை பயமில்லை. தட்டல் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். கத்தக் கூடாது. கத்தினால் மிருகம் மிரளும். கீழே இருப்பவன் தலையைத் தூக்கியே பார்ப்பதில்லை. மேலே இருப்பவன் பார்க்கிறான், இவன் கேட்கிறான். அவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒம்பெனி அண்ணன்.

அவர் இறங்கினார். நான் மேல்திறப்பில் நின்று தட்டத் தொடங்கினேன். கல்யாண மோதிரத்தால் தட்டினேன். சத்தம் நன்றாகக் கேட்கும்.

அவர் நின்றார், திரையைப் பார்த்தார், நடந்தார். மறுபடி நின்று பார்த்தார். சின்னதாகத் தெரிந்திருக்கும். நடந்தார். எருமை எழுந்தது. எழுந்து மூக்கை நேராகத் தூக்கி, மூக்குத்தண்டு வழியாக அவரைப் பார்த்தது. அந்தப் பார்வை வந்தால் தட்டலை நிறுத்த வேண்டும். நான் படித்த வனவிலங்குக் கல்லூரியிலும் அதைத்தான் சொன்னார்கள், அவரும் அதைத்தான் சொன்னார்.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததை டாக்டர் எழுதியிருக்கிறார். அதில் மாற்றம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஹாரன் அடித்தேன். எருமை போய்விட்டது. அவரைத் தூக்கி நடு இருக்கையில் கிடத்தினேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம்தான் ஆகிறது. அதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

பாதி வழிவரை நினைவு இருந்தது அவருக்கு. “தம்பி” என்றார். “தட்டல் கேட்டுச்சே.”

“கேட்டுச்சு அண்ணே.”

“நிக்கவே இல்லையே.”

“இல்ல அண்ணே.”

கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படவில்லை. அது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

எனவே ‘அஜாக்கிரதை’ என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். கேமரா, ஆட்டுப் பழக்கம், தட்டல், மூன்றும் என் வேலை. நினைத்துச் செய்தேன். காரணம் அந்த ஒரு மணி பத்து நிமிடம். ஒரு மிருகம் மரத்திலிருந்து இறங்கட்டும் என்று ஒரு மனிதர் ஒரு பெண்ணைக் காக்கவைத்தார். அவர் ஒரு மிருகத்தின் முன்னால் நிற்பது நியாயம் என்று எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது.

இந்த ஞாயிறு யாரும் வரவில்லை. அந்தத் தூக்குவாளி என் வீட்டில்தான் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி அவர் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் விசாரிக்கிறவர், இன்னொன்றும் கேட்பீர்கள். அவ்வளவு நல்லவர் அன்றைக்கு ஏன் நின்றார் என்று. வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் அதையும் எழுதுகிறேன். பள்ளத்தாக்கில் போன்தான் எடுக்காது, வண்டி ரேடியோ எடுக்கும். பதினொன்று ஐந்துக்கு அவர் என்னைக் கூப்பிட்டார், எங்கள் மொழியில். “தம்பி, ஐகாவுக்கு ரத்தம் போகுதாம். நான் கிளம்புறேன்.” அதற்கு முன் இரண்டு தடவை அவள் பயந்து கூப்பிட்டு, நான் விருந்தினர்களை நடுவழியில் விட்டுவிட்டு ஓடி, ஒன்றும் இல்லை என்று ஆகியிருந்தது. இரண்டாவது தடவை முதலாளி என்னை எச்சரித்தார். அண்ணனுடைய வண்டியில் இருந்த விருந்தினர்கள் எட்டு நாளாகச் சிறுத்தையே பார்க்காதவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

“அவ சும்மா பயப்படுவா அண்ணே” என்றேன். “சிறுத்தை இறங்கட்டும். அப்புறமா போங்க.”

“நிச்சயமாத்தான் சொல்றியா?”

“நிச்சயமாத்தான்.”

அடக்கத்தில் அவர் இதைச் சொல்லவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் என் எதிரே உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் இருபத்திரண்டு வருட அனுபவசாலி, ஐயா. அன்றைக்கு நான் சொன்னதை அவர் கேட்டிருக்கக் கூடாது.