குச்சி மிதக்கவில்லை

என் வக்கீல் நல்ல மனிதர். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான்: அவருக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். நேற்று அவர் பேசியபோது கொட்டாவிக்குப் பதிலாகக் கோபம் வந்தது. எனக்குக் கோபமே வராது என்று என் மாணவர்கள் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதனால் இதை நீங்கள் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

"மாஸ்டர், கேஸ்ல ஒண்ணுமே இல்ல," என்றார் வக்கீல். "இந்த மிதக்கறது, மூழ்கறது பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஏதோ ஒரு கிறுக்கு நம்பிக்கை. அதுல நீங்களும் விழுந்தீங்க, நாலு பேரையும் இழுத்து விட்டுட்டீங்க. என் கட்சிக்காரர் ஒரு அப்பாவி, விவரம் தெரியாதவருன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா போதும். சீக்கிரமே வெளிய வந்துடலாம்."

தலையைக் குனிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விவரம் தெரியாதவர் என்றாரே, அதற்காகத்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன் இன்ஸ்பெக்டர் ஐயா. உட்காருங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

சிலர் ஏன் மிதக்கிறார்கள், சிலர் ஏன் மூழ்குகிறார்கள் என்பது இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு. சதையும் எலும்பும் கனம். நெஞ்சுக்குள் அடைத்த காற்று ஒரு மிதவை. இடுப்பைச் சுற்றி நாலு மடிப்பு உள்ளவர் மூச்சை முழுக்க விட்டாலும் மிதப்பார். எலும்பும் நரம்புமாக இருப்பவர் காற்றைப் பிடித்துவைத்திருக்கும்வரை மூக்கு நுனியாவது வெளியே தெரியும். விட்டால் நேரே அடிக்குப் போவார். இதில் மனதுக்கு ஒரு வேலையும் இல்லை.

அப்படியானால் நான் நடத்திய மிதவைப் பயிற்சி நிலையத்தின் வாசலில் 'மனம் லேசானால் மிதப்பாய்' என்று ஆளுயர எழுத்தில் எழுதிவைத்தது ஏன் என்பீர்கள். 'கொழுப்பு இருந்தால் மிதப்பாய்' என்று எழுதினால் யார் வருவார்கள்?

முன்பு நான் நகரசபை நீச்சல் குளத்தில் பயிற்சியாளனாக இருந்தேன். பிள்ளைகள் தண்ணீரிலேயே சிறுநீர் கழிக்கும், அவர்களுடைய தாய்மார்கள் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்று என்னைத் திட்டுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் இல்லை, "இந்தாப்பா விசில்" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது பல் டாக்டர் அம்மா ஒருவர் வந்தார். நல்ல பெரிய உடம்பு. முதல் நாளே தண்ணீரில் மல்லாந்து படுத்தார், பஞ்சு மெத்தைபோல மிதந்தார். கரையேறியதும் கண் கலங்கிவிட்டது.

"மாஸ்டர், என் பாரமெல்லாம் எறங்கின மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க?"

பாரம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. அது இருந்ததால்தான் மிதந்தார். நான் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடி, மெல்லத் தலையை அசைத்தேன். அந்த ஒரு தலையசைப்பின் மேல்தான் எங்கள் நிலையம் எழுந்தது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டது அதற்கப்புறம்தான்.

ஊருக்கு வெளியே கல்லுடைத்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதை எடுத்துக்கொண்டோம். ஓரத்தில் இடுப்பளவு, நடுவில் பச்சை இருட்டு. வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். புதிதாக வருபவரின் மணிக்கட்டு, கழுத்தெலும்பு, இடுப்பு, இந்த மூன்றைப் பார்த்தால் எனக்குப் போதும். பூசினாற்போல இருப்பவரிடம், "உங்கள் மனம் பக்குவமாக இருக்கிறது, இன்றே இறங்கலாம்" என்பேன். ஒல்லியானவரிடம், "இன்னும் கசடு இருக்கிறது, சில மாதம் கரையில் அமருங்கள், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுங்கள், மத்தியானம் தூங்குங்கள், ஓடியாடி அலையாதீர்கள்" என்பேன். அவர்கள் திரும்பி வரும்போது சட்டைப் பித்தான்கள் திணறும். தண்ணீரில் விட்டால் மிதப்பார்கள். கசடு போய்விட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். என் கணிப்பு ஒருதரம்கூடத் தப்பியதில்லை. இதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் முதன்மை மாணவர் ஒரு கான்ட்ராக்டர். திறப்பு விழாவுக்கு முன்பே இடிந்து விழுந்த பாலம் ஒன்றைக் கட்டியவர். தண்ணீரில் படுத்தபடி பேப்பர் படிப்பார். சில நாள் அப்படியே தூங்கிவிடுவார், குறட்டை எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். பார்க்க வருகிறவர்கள் எட்ட நின்று, எவ்வளவு சுத்தமான மனசு என்று பேசிக்கொள்வார்கள்.

இனி குச்சி.

குச்சி என் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் போனதால் இவள்தான் வளர்த்தாள், கல்யாணத்தின்போது கூடவே கூட்டிவந்தாள். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். குச்சி என்பது உடம்பைப் பார்த்து வைத்த பெயர். பொருத்தமில்லாத பெயர், குச்சியாவது மிதக்கும். லிஃப்ட் மெக்கானிக் வேலை. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு கத்தினால், கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "அண்ணே, வீட்ல எத்தன பசங்க? என்ன படிக்கறாங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வான். வெளியே வரும்போது உள்ளே இருந்தவர் சிரித்துக்கொண்டு வருவார். அவன் யாரையும் வைது நான் கேட்டதில்லை. நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவான், ஒரு கவளமும் உடம்பில் ஒட்டாது.

இரும்புத் துண்டைப்போல மூழ்குவான்.

அவனுக்கு மிதக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. நம்பிக்கை என்றால் அவன் நம்பிக்கைதான் நம்பிக்கை. ஒரு காலையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மாமா, யோசிச்சுப் பாத்தேன். ஸ்கூல்ல படிக்கறப்ப ஒருத்தன் பேனாவ எடுத்துட்டேன். அதுதான் அமுக்குதோ?"

"இருக்கலாம்," என்றேன்.

அந்தப் பேனாக்காரனைத் தேடி அலைந்து கண்டுபிடித்து, புதுப் பேனா ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் நேராகத் தண்ணீரில் இறங்கினான். மூழ்கினான். இருமிக்கொண்டே கரையேறி, "வேற ஏதோ இருக்கு மாமா," என்றான்.

என் மனைவி ஒருநாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்: "ஏங்க, ஒடம்புல ஒண்ணும் இல்லாதவன் மூழ்கத்தான் செய்வான். அதுக்குப் போயி அவன் மனசக் கொற சொல்றீங்களே." சாப்பிடும்போது பேசுவது எனக்குப் பிடிக்காது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. குச்சி எப்படிப்பட்டவன் என்று எல்லாருக்கும் தெரியும். கான்ட்ராக்டர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியும், பாலம் இடிந்தது பேப்பரிலேயே வந்தது. பல் டாக்டர் அம்மா ஒருநாள் கரையில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தம்பி மூழ்குது, அவரு மிதக்கறாரு. எனக்குக் கொஞ்சம் கொழப்பமா இருக்கு."

கான்ட்ராக்டர் தண்ணீரிலிருந்தே பேப்பரைத் தாழ்த்தினார். "அம்மா, ஆள வெளிய பாத்து எட போடக் கூடாதும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. தம் இடுப்பு மடிப்பை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பிறகு குச்சியின் விலா எலும்பைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கிள்ளினார்.

ஐயா, நான் கட்டியதெல்லாம் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது.

குச்சியைப் போகச் சொல்லியும் பார்த்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "உனக்கு இது ஒத்து வராது, விட்டுடு," என்றேன்.

"எப்படி மாமா விட முடியும்? நான் மிதக்கலேன்னா உங்களத்தான தப்பாப் பேசுவாங்க. உங்க பேரக் காப்பாத்தாம நான் போக மாட்டேன்," என்றான்.

அப்படியே செய்தான்.

ஆண்டு விழாவுக்குப் புதுப் பாடம் ஒன்றை அறிவித்தேன். மிதப்பது முதல் படி. மூழ்குவது இரண்டாம் படி. பக்குவம் முற்றியவரைத் தண்ணீர் தன்னிடம் வாங்கிக்கொண்டு, பிறகு தானே மேலே கொண்டுவந்து தரும். அவர் கையையும் காலையும் அசைக்கக் கூடாது, கரையில் இருப்பவர்கள் குறுக்கிடக் கூடாது. கான்ட்ராக்டருக்கு லேசான வருத்தம், இத்தனை நாள் தாம்தான் கடைசிப் படி என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து குச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப, இத்தன நாளா நான் தப்பு ஒண்ணும் பண்ணலியா மாமா?"

"நீ எங்க எல்லாரையும் தாண்டிப் போயிட்டடா. எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு கடைக்குப் போய், விழாவில் போட ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்தான்.

விழாவில் கூட்டம் நன்றாக இருந்தது. டாக்டர் அம்மாவும் வந்து முன்வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குச்சியை நடுவில் தெப்பத்தில் நிறுத்தி, வேக வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னேன். பழைய நீச்சல் குளத்துச் சுவரில், பிள்ளைகள் யாரும் இப்படிச் செய்யக் கூடாது என்று சிவப்புப் பெயின்டில் எழுதியவனே நான்தான். அப்படிச் செய்துவிட்டு உள்ளே போனால் மூச்சு முட்டுவது தெரியாமலே நினைவு தப்பிவிடும். துடிப்பு இருக்காது. துடித்தால் யாராவது குதித்துவிடுவார்கள். அவனுக்கும் கஷ்டம். கடைசியில் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் விட்டுவிட்டு இறங்கச் சொன்னேன். எல்லாரையும் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

இறங்குவதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சட்டை அவனுக்கு நன்றாக இருந்தது.

குமிழிகள் வந்தன. பிறகு வரவில்லை. கூட்டம் அமைதியாக இருந்தது, அப்படியோர் அமைதியை நான் எந்த வகுப்பிலும் வரவழைத்ததில்லை. முதலில் எழுந்தவள் என் மனைவி.

"போதும். அவனத் தூக்குங்க."

"உக்காரு. தியானத்துல இருக்கான்."

"அவனால வர முடியாதுங்க. தூக்கச் சொல்லுங்க."

கான்ட்ராக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அம்மா, கொஞ்சம் சத்தமில்லாம."

அவள் தண்ணீருக்குள் ஓடினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் என் வீட்டில் நல்லபடியாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. ஆழத்துக்குப் போனதும் மிதந்துவிட்டாள். தம்பி இருந்த இடத்துக்கு மேலே போய்த் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள், கையால் அடித்தாள், உடம்பைக் குறுக்கினாள். தண்ணீர் அவளை விடவில்லை, மேலேயே வைத்திருந்தது. எவ்வளவு முயன்றும் அவளால் மூழ்க முடியவில்லை. எத்தனையோ தரம் அவளை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பிறவி மிதப்பாளி. கண்ணைத் திறந்து பார்த்த ஒரு மாணவர் அது நிகழ்ச்சியின் அடுத்த பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

டாக்டர் அம்மா போட்ட கூச்சலில்தான் வெளியே இருந்த காவல்காரர்கள் வந்து குதித்தார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

என் மாணவர்கள் எல்லாரும், மாஸ்டர் நிஜமாகவே நம்பினார், அவருக்குத் தெரியாது என்றுதான் உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்களாம். வக்கீல் சந்தோஷமாகச் சொன்னார். இத்தனை வருடம் என்னிடம் படித்தவர்கள் என்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் இவ்வளவுதான்.

இன்று காலையில் வக்கீல் என் மனைவியைக் கூட்டிவந்தார். மெலிந்திருந்தாள். என்னையறியாமல் அவள் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தேன், இப்போது இறங்கினால் சந்தேகம்தான். அழவில்லை. திட்டவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள். "தெரியாமத்தான பண்ணீங்க? தெரியாமன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அத வச்சுக்கிட்டு நான் எப்படியாவது காலத்த ஓட்டிடுவேன்."

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வக்கீல், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் விடுதலை.

"எனக்கா தெரியாது?" என்றேன். "அவன் மூழ்குவான்னு மொத நாளே தெரியும். மேல வர மாட்டான்னும் தெரியும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு, கட்டிய மனைவிக்காகவாவது ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

என்ன செய்வது ஐயா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.