அரைச் சுற்று

பிரேக்கில் ஏர் எடுப்பது இரண்டு பேர் செய்கிற வேலை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் தளர்த்தி, காற்று வெளியேறியதும் இறுக்க வேண்டும். பஸ் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் கீழே படுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் மேலே உட்கார எனக்கு ஆள் இல்லை என்று தெரிந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அது இந்த வழக்கில் வராது.

அந்த ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்தது என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஒரு சலவை நிலையத்துக்குத் துணி மூட்டை சுமந்து, பிறகு பன்னிரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டி அது. "மச்சான், உங்களுக்கும் பொழுது போகும், எனக்கும் ஒரு வண்டி ஆச்சு" என்று என் கொட்டகையில் நிறுத்தினார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் இருவரும் வந்தார்கள். தங்கை சமையலறையில் என் பாத்திரங்களைத் திட்டிக்கொண்டே தேய்ப்பாள். அந்தச் சத்தம் கொட்டகை வரை கேட்கும். மற்ற ஆறு நாளும் நான் என் குரலைக் கேட்பது தபால்காரர் வந்தால்தான்.

இற்றுப்போன தரைத் தகரத்தை வெட்டி எடுத்துப் புதுசு பற்றவைத்தோம். நெளிந்த இடங்களில் பட்டி வைத்துத் தேய்த்தோம். எஞ்சினை இறக்கி ஏற்றினோம். மாப்பிள்ளைக்குக் கைவேலை வராது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பதினாலைக் கொடுத்துவிட்டுப் பெருமையாக நிற்பார். பிறகு வண்டியைக் கொஞ்சம் நவீனமாக்க ஆசைப்பட்டார். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், சீட் பெல்ட் எல்லாம் வந்தன.

முதல் வருஷம் வேலை தானாக நீண்டது. இரண்டாவது வருஷம் நான் நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூட்டியதைச் செவ்வாய்க்கிழமை கழற்றுவேன். ஒரு வயரை உள்ளுக்குள் கிள்ளி வைப்பேன். அடுத்த வாரம் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடுவோம். "இது வண்டி இல்ல மச்சான், நாம வளர்த்த புள்ள. வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டேங்குது" என்பார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

போன மாதம் சாப்பிடும்போது அவர்தான் சொன்னார். மகள் வெகு தூரத்தில் இருக்கிறாள், குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடேயே போய் இருக்கப் போகிறார்களாம். "வண்டி ரெடியானதும் அதுலயே கிளம்பிடலாம்னு இருக்கோம். நீங்களும் வாங்களேன் மச்சான், பத்து நாள் இருந்துட்டு வரலாம்." தங்கை என்னைப் பார்க்காமல் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். பத்து நாள் என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

புது வண்டிகளில் பிரேக் எண்ணெய் இரண்டு வழியாகப் போகும். ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும். இதில் ஒரே வழிதான். "அதையும் மாத்திடலாமா?" என்று கேட்டார். தேவையில்லை என்றேன். கை பிரேக் கேபிள் அறுந்து கிடந்தது. அதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். மாப்பிள்ளை என் பேச்சைத் தட்டியதே இல்லை.

சனிக்கிழமை காலை, முன் இடது சக்கரத்தின் நிப்பிளை அரைச் சுற்று தளர்த்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். மிதிக்க மிதிக்க எண்ணெய் கசிந்து தெருமுனையில் பெடல் இறங்கும், வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், இன்னும் நாலைந்து ஞாயிறு கிடைக்கும் என்று நினைத்தேன். நானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். பதினெட்டாவது மிதியில் பெடல் தரையைத் தொட்டது. குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினேன். வீட்டிலிருந்து பாலத்துச் சரிவு வரை எத்தனை மிதி ஆகும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பதினாறு வரும்.

மறுநாள் வெள்ளோட்டம். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தங்கை ஏறியிருந்தாள். நான் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"நீ இறங்கும்மா. முதல் ஓட்டம், அவர் மட்டும் போகட்டும். நீ டீ போடு."

"அஞ்சு நிமிஷத்துல வந்துடப் போறோம், என்னண்ணா நீ?"

கையைப் பிடித்து இறக்கினேன். மாப்பிள்ளை சிரித்தார். "விடு, உங்கண்ணனுக்கு அவர் செஞ்ச வண்டி மேலயே நம்பிக்கை இல்ல."

சரிவின் அடியில் ஒரு லாரி நின்றிருந்தது. சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. நான் ஓடிப்போய் முதலில் குனிந்து பார்த்தது இடது சக்கரத்தை, அவர் முகத்தை இல்லை. உங்கள் ஆட்கள் அதைச் சாட்சிகளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சரிதான், அப்படித்தான் நடந்தது.

மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தங்கமான மனுஷன். அவர் இல்லாதது எனக்குத்தான் பெரிய நஷ்டம். வண்டியைப் பழுதாக்க நினைத்தேனே தவிர, அவரை ஒன்றும் நினைக்கவில்லை. கொலை என்றுதான் எழுதுவீர்கள் என்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கையை ஏன் இறக்கினேன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். டீக்காகத்தான் என்று மூன்று தடவையும் சொன்னேன். அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மகள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. அதிகம் பேசுவதில்லை, ஆனாலும் வீட்டில் ஓர் ஆள் நடமாட்டம் இருக்கிறது. பின்பக்க அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. சுவருக்கு வெள்ளை அடித்து, ஒற்றைக் கட்டில் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டி, வெள்ளோட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமையே எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன்.