துரையின் முப்பாட்டன் வயசு

இன்னாசிராஜ்: கையை எடுடா புஸ்தகத்துலேருந்து! வெத்திலைச் சாறு பட்டா இந்த லைப்ரரி வேலையும் போயிடும் எனக்கு.

சௌரிராஜன்: போனா என்ன? நீதான் ஏற்கெனவே ரிட்டயர் ஆனவனாச்சே.

இன்னாசிராஜ்: ஆமாம். அம்பத்தஞ்சு முடிஞ்சு, மூணு வருஷமாச்சு. ஸ்கூல்ல ஒரே பெஞ்சு, அப்புறம் ஒரே ஆபீஸ்... நீ மட்டும் இன்னும் ஹெட் கிளார்க். இன்னும் ரெண்டு வருஷம் உக்காருவியாமே?

சௌரிராஜன்: ஆரம்பிச்சுட்டியா... துரை வம்சாவளி என்னாச்சு, அதைச் சொல்லு. ஸ்ரீரங்கத்துலேருந்து ஜட்கால குலுங்கிண்டு வந்திருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம். கண்ணாடி போட்டுக் கிளப்புல மாட்டப் போறார். 'உங்க ஆளுகளுக்குப் பொறந்த தேதியே தெரியாது, எங்க வம்சத்துக்கு அறுநூறு வருஷத்துத் தேதி இருக்கு'ன்னு பீத்தல் வேற.

இன்னாசிராஜ்: ஒரு தேதியும் கிடையாது! அந்தக் காலத்துல அவங்க ஊர்ல பொறந்ததை எழுதல, செத்ததை எழுதல. சொத்தை மட்டும்தான் எழுதினாங்க. அதுலேருந்து நாமதான் வயசைக் கறக்கணும்.

சௌரிராஜன்: எப்படிக் கறப்பே?

இன்னாசிராஜ்: கேளு... நிலக்காரன் செத்தான்னு சேதி போனா, ராஜா ஒரு உத்தரவு விடுவான். 'என்ன நிலம், யாரு வாரிசு, அவனுக்கு என்ன வயசு, விசாரி'ன்னு. பங்குனியில ஒருத்தன் நிலம் வித்திருக்கான், வைகாசியில உத்தரவு வந்துடுச்சுன்னா...

சௌரிராஜன்: நடுவுல மண்டையைப் போட்டிருக்கான்.

இன்னாசிராஜ்: அதேதான்! வாரிசு வயசைக் கழிச்சா அவன் பொறந்த வருஷம். ஆனா 'இருபத்தொண்ணும் அதற்கு மேலும்'னு இருந்தா நம்பாதே. மேஜர்னு மட்டும்தான் அர்த்தம். ஆளுக்கு நாப்பதாவும் இருக்கலாம்.

சௌரிராஜன்: நம்ம வையம்பட்டி கணக்குப்பிள்ளை மாதிரி! சாவுப் பதிவுல செத்தவா எல்லாருக்கும் நாப்பது. அம்மாவுக்கும் நாப்பது, பிள்ளைக்கும் நாப்பது.

இன்னாசிராஜ்: மூணு வயசு, நாலு வயசுன்னா ஓரளவு நம்பலாம். குழந்தையைக் கண்ணால பாத்தா தெரியுமில்ல?

சௌரிராஜன்: நன்னாருக்கு. என் வயசையும் ஒருத்தன் கறந்திருக்கான், தெரியுமோ? மொட்டைப் பெட்டிஷன். ஸ்கூல்ல வயசைக் குறைச்சுக் குடுத்து சர்க்காரை ஏமாத்தறேனாம்.

இன்னாசிராஜ்: அப்படியா... யாரு போட்டது?

சௌரிராஜன்: பேர் இருந்தா அது ஏண்டா மொட்டை? துரை அதையும் வெள்ளிக்கிழமைதான் விசாரிக்கறார். அன்னிக்கு ஆத்துக்கு அனுப்பிச்சார்னா, தையில என் பொண்ணு வத்ஸலா கல்யாணம் நின்னுடும். உத்தியோகத்துல இருக்கற சம்பந்தின்னுதான் ஜீயபுரத்துக்காரா ஒத்துண்டிருக்கா.

இன்னாசிராஜ்: வத்ஸலாவுக்கா? தையிலயா? ...எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

சௌரிராஜன்: முந்தாநாள்தான் நிச்சயமாச்சு. அதை விடு. துரைக்கு வா.

இன்னாசிராஜ்: ம்... அவரு பெருமையடிக்கிற முப்பாட்டன் ஹென்றி இருக்கானே, அவன் அப்பன் ஆயிரத்து முந்நூத்து நாப்பத்தொம்பதுல கொள்ளைநோய்ல போயிட்டான். விசாரணையில பையனுக்கு மூணு வயசு. சரியா பதிமூணு வருஷம் கழிச்சு, 'எனக்கு இருபத்தொண்ணு ஆச்சு, நிலத்தைக் குடு'ன்னு வந்து நிக்கிறான்.

சௌரிராஜன்: மூணும் பதிமூணும் பதினாறுடா!

இன்னாசிராஜ்: அஞ்சு வருஷம் புளுகு! மைனர் நிலம் ராஜா கையில, விளையறதும் ராஜாவுக்கு. சீக்கிரம் பிடுங்கணுமே? அதுக்குப் பன்னெண்டு சாட்சி. 'பையன் பொறந்த நாள் நல்லா ஞாபகம், அன்னிக்குத்தான் என் கால் ஒடிஞ்சுது'ங்கிறான் ஒருத்தன். 'என் களஞ்சியம் எரிஞ்சுது'ங்கிறான் இன்னொருத்தன். குதிரையிலேருந்து விழுந்தவன் ஒருத்தன், கிணத்துல விழுந்தவன் ஒருத்தன்...

சௌரிராஜன்: பெருமாளே! பொறந்த அன்னிக்கே ஊரை முடிச்சுட்டானே!

இன்னாசிராஜ்: பக்கத்து ஊர்ப் பையனுக்கும் இதே கால், இதே களஞ்சியம். எழுதிக் குடுத்தவன் ஒரே ஆளா இருக்கணும்.

சௌரிராஜன்: ஆக, துரை வம்சமே பொய் வயசுலதான் நிலத்தை வாங்கித்து. எழுதிட்டியோ?

இன்னாசிராஜ்: நாலு பத்தி. ஒவ்வொண்ணுக்கும் காரணத்தோட. அவன் பொறந்த வருஷம் 'இதற்கு முன்பும் இல்லை, இதற்குப் பின்பும் இல்லை'ன்னு முடிச்சிருக்கேன்.

சௌரிராஜன்: பேஷ். கீழே கையெழுத்துப் போடு.

இன்னாசிராஜ்: நான் எதுக்கு?

சௌரிராஜன்: போன தடவை போடலையே.

இன்னாசிராஜ்: ...எந்தத் தடவை?

சௌரிராஜன்: இந்தா, பெட்டிஷன். மொட்டை எழுதறவன் 'திருடன், ஃபிராடு'ன்னு நாலு வசவு எழுதிட்டுப் போவான். இதுல நாலு பத்தி! நான் ஸ்கூல்ல சேர்ந்தது, அம்மை குத்திண்டது எல்லாம் கூட்டிக் கழிச்சு... கடைசி வரியைப் படி.

இன்னாசிராஜ்: 'இதற்கு முன்பும் இல்லை...' சௌரி...

சௌரிராஜன்: பேரை மறைச்சே. விளக்கம் சொல்லாம இருக்க முடிஞ்சுதா ஒன்னால? துரை படிச்சுட்டு என்ன சொன்னார் தெரியுமோ? 'எழுதினவன் மூளைக்காரன். தேடிப் பிடி. என் வம்சாவளியை அவனே எழுதட்டும்.'

இன்னாசிராஜ்: அப்போ... இந்தப் புஸ்தகத்தைத் தேடச் சொன்னப்பவே தெரியுமா?

சௌரிராஜன்: தெரியும். வெள்ளிக்கிழமை ரெண்டு காகிதமும் ஒரே மேஜைக்குப் போறது. ரெண்டுலயும் ஒரே ஆளோட ஒரே கணக்கு. சரின்னு சொன்னார்னா அவர் முப்பாட்டன் பொய்யன். தப்புன்னு சொன்னார்னா என் வயசு தப்பிச்சுது. எது வேணுமோ எடுத்துக்கட்டும்.

இன்னாசிராஜ்: ...என் வயசு கோவில்ல, ஞானஸ்நானப் புத்தகத்துல பூட்டிக் கிடக்குடா. தேதி, ஞானத்தகப்பன் பேரு, சாமியார் கையெழுத்து. ஒரு நாள் குறைக்க முடியல. உங்கப்பா வாத்தியார்கிட்ட வாயால சொன்னாரு, முடிஞ்சுபோச்சு. அந்த எரிச்சல்தான்... வத்ஸலா விஷயம் தெரிஞ்சிருந்தா சத்தியமா...

சௌரிராஜன்: அழாதே, பேனாவைப் பிடி. ஆனாலும் மனசாட்சி இல்லாம மூணு வருஷம் குறைச்சேன்னு எழுதிட்டியேடா, பாவி!

இன்னாசிராஜ்: அஞ்சுன்னு எனக்குத் தெரியும் சௌரி. மூணுக்குத்தான் ஆதாரம் இருந்துது.