சாம்பல் நிற வரி

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைப்பவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. கோபக்காரன் என்று என்னைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கோபமெல்லாம் இந்த மட்டில்தான். யார் மீதும் கை ஓங்கியது கிடையாது. சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் பக்கம் இருக்கும் உப்பைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பேன்.

என் வேலையைச் சொன்னால்தான் உங்கள் விசாரணைக்கு மற்றது விளங்கும், திருமதி ப்ரெல். குல்ம்பாக் நகரில் எங்கள் தொழிற்சாலை மருந்தேற்றும் பம்ப் செய்கிறது. படுக்கையருகே கம்பியில் தொங்கிக்கொண்டு, நரம்புக்குள் மருந்தைச் சிறுகச் சிறுகத் தள்ளுமே, அது. அதற்குள் ஓடும் கணினி நிரலை எழுதுபவர்கள் வேறு. அவர்கள் எழுதிய மொட்டை எழுத்தை வாங்கி, சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குறிக்குள் பொதிந்து, நிறம் ஏற்றி வலைப்பக்கமாக்கித் தரும் கருவி என்னுடையது. கட்டளைக்கு நீலம், எண்ணுக்கு ஆரஞ்சு, மேற்கோளுக்குள் இருப்பதற்குப் பச்சை. இயந்திரம் தாண்டிப் போய்விடும் வரிகளுக்குச் சாம்பல். எங்கள் ஆட்கள் ஒரு வரி வேண்டாம் என்றால் அதை அழிப்பதில்லை. முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு அணைத்து வைப்பார்கள். அணைத்த வரியும் சாம்பல்தான். சாம்பலைக் கண்டால் எங்களுக்குக் கண் தானாகவே அடுத்த வரிக்குப் போய்விடும்.

நிரல் வெளியே போகுமுன் எழுதியவரும் இன்னொருவரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். நான்கு கண் விதி என்போம். பம்பின் அளவுக் கணக்கை எழுதியவன் ஃப்ரீடர் கால்ப். அதைச் சரிபார்ப்பவள் ஹைகே வென்ட்ஸ். இருவரும் படித்தது மூல நிரலை அல்ல, என் வலைப்பக்கத்தை. அது வசதி. இது வெறும் படம், ஆளைப் பார்க்காமல் படத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வறளச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர்கள் திருப்பிக் கேட்டதெல்லாம் பச்சையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, கறுப்புப் பின்னணி எப்போது வரும் என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃப்ரீடர் சோதனைக்காக ஒரு வரி போட்டிருந்தான். மின்கலத்தை மாற்றியதும், அதுவரை எவ்வளவு மருந்து ஏறியது என்ற கணக்கைப் பூஜ்யமாக்கும் வரி. சோதனை முடிந்ததும் அதை அணைக்க மறந்துவிட்டான். எல்லோரும் செய்கிற பிழைதான். பக்கத்தை உருவாக்கும்போது நீலமும் ஆரஞ்சுமாக அது உயிரோடு நின்றது. அப்படியே போனால், கொடுத்து முடித்த அளவைப் பம்ப் மறுபடி முதலிலிருந்து கொடுக்கும்.

அவனிடம் சொல்லத்தான் கிளம்பினேன். உணவகத்தில் நண்பர்களோடு உருளைக்கிழங்கு உருண்டை தின்றுகொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் முள்கரண்டியை நீட்டினான்.

“வாங்க பெயின்டரே. அந்தப் பச்சையக் கொஞ்சம் வெளுத்துக் குடுங்க. படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சு.”

“நீ படிச்சியா?”

“படிக்காமலா கையெழுத்துப் போடறோம்? நீங்க கலர் அடிங்க. யோசிக்கிறத நாங்க பாத்துக்கறோம்.”

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே வெந்தது, அதை மறைப்பானேன்.

மேலே வந்து, அந்த ஒரு வரியை மட்டும் சாம்பலாகக் காட்டும்படி என் கருவியில் சேர்த்தேன். நிரலை நான் தொடவில்லை. ஃப்ரீடர் எழுதியபடியே இருந்தது. சாய்கோடு இல்லாத சாம்பல் வரி பார்க்க விகாரமாக இருந்ததால், பக்கத்தில் இரண்டு சாய்கோட்டையும் வரைந்தேன். அழகுக்காகத்தான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, பாருங்கள், உங்கள் நான்கு கண்ணும் மூடித்தான் இருக்கின்றன என்று காட்டிவிட்டு, வரியைத் திருத்தச் சொல்வதாக இருந்தேன்.

என் முறை வரவில்லை. நேரம் முழுவதையும் கறுப்புப் பின்னணி தின்றுவிட்டது. அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் துறைத் தலைவர். பேச வாய்ப்புத் தராதவர்களிடம் முண்டிக்கொண்டு பேசுவது என் பழக்கமில்லை. அடுத்த வாரத்துக்குள் பம்புகள் கிளம்பிவிட்டன. அவை கிளம்பிய அன்று என் பிறந்தநாள் என்பதால் பிளம்ஸ் கேக் சுட்டுக்கொண்டு போயிருந்தேன். ஃப்ரீடர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

முதலில் போனவர் லோரென்ஸ் ட்ரெபெஸ், கூரை வேய்பவர். இடுப்பு அறுவைக்குப் பிறகு வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இதயம் நின்றது என்று நாளிதழில் போட்டிருந்தார்கள். மின்கலம் மாற்றினார்களா என்று போடவில்லை. ஊகத்தை நம்பி வாய் திறப்பவன் அல்ல நான். அடுத்து அந்தப் பெண், பிள்ளை பெற்று வீடு திரும்ப இருந்தவள், போனபோது எனக்கு உறுதியாயிற்று. ஆனால் அதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. நடுவில் குறுக்கிடுவது முறையாகாது.

அந்தப் பெண்ணின் செய்தி வந்த அன்று மாலை, நான் சேர்த்ததைக் கருவியிலிருந்து எடுத்தேன். பக்கம் சரியான நிறத்துக்குத் திரும்பியது. தான் பார்த்தபோது சாம்பலாக இருந்தது என்று ஹைகே அழுது சாதித்தாள். அவள் முன்னாலேயே பக்கத்தைத் திறந்தார்கள். நீலமும் ஆரஞ்சும். ஃப்ரீடரே அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். வேலை போயிற்று, வழக்கும் அவள் பெயரில் வந்தது. என் கருவியின் பழைய பதிப்பை நீங்கள் தோண்டி எடுக்கும்வரை அப்படித்தான் இருந்தது. எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் ஒருவர், ஒரே ஒருவர், என்னிடம் வந்து கேட்டிருந்தால் போதும், எல்லாம் நின்றிருக்கும். இதை நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

ஹைகே கேட்டாளாமே என்கிறீர்கள். ஆமாம், கையெழுத்திடுமுன் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தாள்.

“வோல்க்மார், இந்த ஒரு வரி மட்டும் இடிக்குது. நெஜமாவே அணைச்சதுதானா? இல்லன்னா மூலத்தத் தொறந்து பாத்துடறேன்.”

“எதுக்கு வீணா அலையற. அணைச்சதுதான். நான் பாத்துட்டேன்.”

நன்றி சொல்லிவிட்டு, அங்கேயே, என் மேசை மேலேயே கையெழுத்திட்டாள். அதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன், திருமதி ப்ரெல். அங்கே ஒருவர்கூடப் படிப்பதில்லை.